மங்கோலிய ஆட்சி: வரி வாங்க வந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மங்கோலியப் பேரரசைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பாதி, மண்டையோட்டுக் குவியலில் தொடங்கி பாக்தாத் தீயில் முடிகின்றன. மீதிப் பாதி, பட்டுப்பாதையையும் அஞ்சல் குதிரைகளையும் மதச் சகிப்புத்தன்மையையும் புகழ்கின்றன. தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த கட்டுரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த ஆட்சி உலகுக்கு நன்மையா தீமையா என்று கேட்டிருந்தது. அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அதனுடன் இருந்த வரைபடத்தில் கொரியா முதல் கருங்கடல் வரை ஒரே வண்ணம். பிழை அந்த வண்ணத்திலேயே தொடங்குகிறது.

அந்தப் பரப்பில் ஒரே ஆட்சி நடக்கவில்லை. ஒரு நாட்டில் மங்கோலியர் விட்டுச்சென்றது என்ன என்று அறிய மூன்று விவரங்கள் வேண்டும். ஊர் பணிந்ததா, எதிர்த்ததா? அதன் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? படை போன பிறகு வரி வாங்க யார் வந்தார்? முதல் கேள்வியைப் பற்றி நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டுள்ளது. மற்ற இரண்டும்தான் ஒரு தலைமுறைக்குப் பின் அந்த நாடு எப்படி இருந்தது என்பதைத் தீர்மானித்தன. எங்கள் கடிதம் அவற்றைப் பற்றியது.

அதற்கு முன், கட்டுரையில் இருந்த சாவு எண்ணிக்கைகள் பற்றி. 1221இல் மெர்வ் நகரில் 13 லட்சம் பிணங்கள் எண்ணப்பட்டதாக, மங்கோலியரிடம் பணிபுரிந்த பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதியிருக்கிறார். பாக்தாதில் 2 லட்சத்துக்கும் மேல் கொன்றதாக, பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு 1262இல் அனுப்பிய கடிதத்தில், அந்நகரைப் பிடித்த மங்கோலியத் தலைவர் ஹுலாகுவே சொல்லிக்கொள்கிறார். முதலாவது எண், அக்காலத்து நகரம் ஒன்று தாங்கக்கூடிய மக்கள்தொகையைவிடப் பெரியது. இரண்டாவது, அடுத்த அரசரை அச்சுறுத்த எழுதியது. படுகொலைகள் நடந்தன, பெரிய அளவில் நடந்தன. அதில் ஐயமில்லை. ஆனால் இந்த எண்களைக் கூட்டி ஒரு மொத்தத் தொகை எழுதுவது கணக்கு ஆகாது.

குடும்பப் பதிவேடுகளிலும் இதே கவனம் வேண்டும். வட சீனத்தை ஆண்ட ஜின் அரசு 1207இல் எடுத்த கணக்கில் 75 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். மங்கோலியர் 1235, 1236இல் எடுத்த கணக்கில் சுமார் 11 லட்சம். இடையில் போர், பஞ்சம், நோய் எல்லாம் உண்டு. ஆனால் விடுபட்ட அத்தனை குடும்பங்களும் அழிந்துபோகவில்லை. பலர் தெற்கே சோங் நாட்டுக்கு ஓடினர். பலரைப் படைத்தலைவர்கள் தங்கள் சொந்த அடிமைகளாக்கிப் பதிவேட்டில் சேர்க்காமல் வைத்துக்கொண்டனர். வரிக்குப் பயந்து ஒளிந்தவர்களும் உண்டு. எண் குறைந்தால், செத்தவர் எத்தனை, எண்ணப்படாதவர் எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இனி தண்ணீர். குராசான் என்ற கிழக்கு ஈரானின் அழிவைப் புரிந்துகொள்ள, அங்குள்ள கரேஸ் என்ற நிலத்தடிக் கால்வாயைப் புரிந்துகொள்ள வேண்டும். மலையடிவாரத்தில் நீர்மட்டம் வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊரை நோக்கி, மிக மெல்லிய சரிவில், ஆள் குனிந்து போகும் அளவுக்குச் சுரங்கம். மண்ணை வெளியே எடுக்கவும் உள்ளே காற்று போகவும் வழிநெடுக செங்குத்துக் கிணறுகள். நீர் தானாக வடிந்து, சில கிலோமீட்டர் தாண்டி வயல் மட்டத்தில் வெளியே வரும். சரிவு கூடினால் ஓடும் நீர் தரையை அரிக்கும், கூரை இடியும். சரிவு குறைந்தால் வண்டல் படியும். எப்படி வெட்டினாலும் ஆண்டுதோறும் தூர் வாரியே ஆக வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் தனி வகுப்பார். இருட்டில் சரிவு பார்க்கும் கை அவர்களுக்குத்தான் உண்டு. வெள்ளத்தில் ஒரு கிணற்றின் வாய் கரைந்து மண் உள்ளே இறங்கினால், அதற்குக் கீழே உள்ள ஊர் முழுதும் வறளும்.

மதகும் கலங்கலும் தெரிந்த செங்கல்பட்டு மாவட்டத்து விவசாயிக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குடிமராமத்து நின்றுபோன ஏரி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஏரி மேடிட்டாலும் மழை பெய்தால் கொஞ்சமாவது தேங்கும். கரேஸ் அடைபட்டால் சொட்டும் வராது. நிஷாப்பூரிலும் ஹெராத்திலும் 1221, 1222இல் நடந்ததன் முழுப் பொருள் இதுதான். கொல்லப்பட்டவர்களிலும் பிடித்துச் செல்லப்பட்டவர்களிலும் தூர் வாரும் கைகளும், அதற்குக் கூலி கொடுத்த நிலக்காரர்களும் இருந்தனர். சில ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தபின் ஊர் திரும்பியவர்களுக்கு வீடு கட்ட இடம் இருந்தது, விதைக்க நீர் இல்லை. மெர்வ் இன்னும் கொடிய எடுத்துக்காட்டு. அந்த நகரம் முர்காப் ஆற்றின் அணை ஒன்றை நம்பி வாழ்ந்தது. அணை உடைந்ததும் சமவெளியே போயிற்று. தைமூரின் மகன் ஷாருக் 1409இல்தான் அணையையும் நகரையும் மீண்டும் எழுப்பினார். இடைவெளி 188 ஆண்டுகள்.

ஆனால் எல்லா வறட்சியையும் மங்கோலியர் தலையில் கட்டுவதும் தவறு. பாக்தாதின் கிழக்கே ஓடிய நஹ்ரவான் கால்வாயின் கரையை 10ஆம் நூற்றாண்டிலேயே கலீபாவின் தளபதிகள் தங்களுக்குள் நடந்த சண்டையில் வெட்டிவிட்டனர். அடுத்த 200 ஆண்டுகளில் அது மேடிட்டுக்கொண்டே போனது. 1258 பிப்ரவரியில் ஹுலாகு வந்தபோது ஈராக்கின் பாசனம் ஏற்கெனவே நோயாளி. அவர் நியமித்த ஆளுநர், அதே ஜுவைனி, யூப்ரடீஸிலிருந்து நஜஃப் பக்கமாகப் புதுக் கால்வாய் வெட்டினார் என்பதும் பதிவில் உள்ளது. தைகிரிஸ் மையால் கறுத்தது என்று திரும்பத் திரும்ப எழுதுகிறோம். அதே படையோடு வந்த அறிஞர் நஸீருத்தீன் தூசி, மராகாவில் 1259இல் வானாய்வகம் கட்டத் தொடங்கி, அங்கே பெரிய நூலகமும் சேர்த்தார் என்பதையும் எழுத வேண்டும். கலீபாவைக் கொன்றது மறைய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே ஆட்சியின் செயல்கள்.

தெற்கு ஈரானின் ஃபார்ஸ் பகுதி முன்கூட்டியே பணிந்தது. ஷிராஸில் படுகொலை நடக்கவில்லை. கவிஞர் சஅதி அங்கேதான் வாழ்ந்தார். ஆனால் பணிந்ததால் ஃபார்ஸ் செழித்ததா என்றால், இல்லை. அங்கே வரி குத்தகைக்கு விடப்பட்டது. இனி மூன்றாவது கேள்வி.

வட சீனத்தில் இது தெளிவாகத் தெரியும். அந்த நிலத்தைக் காலி செய்து குதிரை மேய்ச்சலுக்கு விடலாம் என்று மங்கோலியப் பிரபுக்களில் சிலர் பேரரசர் ஒகதாயிடம் சொன்னபோது, கிதான் இனத்து அதிகாரி யேலூ சூசாய் மறுத்தார். ஒழுங்காக வரி விதித்தால் ஆண்டுக்கு 5 லட்சம் லியாங் வெள்ளி, 80,000 சுருள் பட்டுத்துணி, 4 லட்சம் ஷி தானியம் தர முடியும் என்றார். 1230இல் 10 வரி அலுவலகங்கள் அமைத்து, அடுத்த ஆண்டு ஒகதாயின் கண்முன் பொருளையும் பதிவேட்டையும் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு கணக்கெடுப்பு. வயது வந்த ஆண்களை எண்ணுவதா, குடும்பங்களை எண்ணுவதா என்று அவையில் பெரிய வாதம் நடந்தது. மேற்கிலிருந்து வந்த அதிகாரிகள் தலைக்கணக்கு கேட்டனர். ஆள் ஓடிவிட்டால் வரியும் ஓடிவிடும், குடும்பத்தை எண்ணினால் நிலத்தோடு கட்டிவைக்கலாம் என்பது யேலூவின் வாதம். 1236இல் வந்த வீதங்கள் இவை: இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சீன ராத்தல் பட்டுநூல் அரசுக்கு, ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ராத்தல், அந்த ஊரை மானியமாகப் பெற்ற மங்கோலியப் பிரபுவுக்கு. நிலவரி, மூ என்ற நில அளவு ஒன்றுக்கு, முதல்தரப் புன்செய்க்கு 3 ஷெங் தானியம், நடுத்தரத்துக்கு இரண்டரை, கடைத்தரத்துக்கு 2, நீர் பாயும் வயலுக்கு 5. வணிக வரி முப்பதில் ஒரு பங்கு. கடுமையானது, ஆனால் எவ்வளவு என்று கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். பிரபு நேரே ஊருக்குள் வந்து வாங்கக் கூடாது, அரசு அதிகாரியே வாங்கித் தர வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த விதிதான் இதன் உயிர்.

மூன்று நான்கு ஆண்டுகளில் அது முறிந்தது. வட சீனத்தின் வரி அப்போது 22,000 திங். ஒரு திங் என்பது 50 லியாங் வெள்ளி. அப்துர் ரஹ்மான் என்ற வணிகர் 44,000 தருகிறேன் என்று குத்தகை கேட்டார். ஒகதாய் கொடுத்துவிட்டார். ஏலத்தில் தொகை இரட்டிப்பானது, நிலத்தில் விளைச்சல் இரட்டிப்பாகவில்லை. மக்கள் கடன் வாங்கி வரி கட்டினர். கடன் கொடுத்தவர்கள், மங்கோலிய இளவரசர்களின் வெள்ளியை முதலாகப் போட்டுத் தொழில் செய்த வணிகர்கள். அவர்கள் வாங்கிய வட்டிக்கு ‘ஆட்டுக்குட்டி வட்டி’ என்று பெயர். ஆடு குட்டி போடும், குட்டியும் குட்டி போடும். ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு, வட்டிக்கும் வட்டி. ஒரு திங் கடன், பத்து ஆண்டில் 1,024 திங். நம் ஊர்க் கந்துவட்டியைப் போலவே, மனைவி மக்களை அடகு வைத்தும் தீராத கடன். கடைசியில் வட்டி முதலுக்கு மேல் போகக் கூடாது என்று யேலூ உத்தரவு பெற்றார். அரசே 76,000 திங் கொடுத்துக் கடன்களைத் தீர்த்தது. அதாவது குத்தகைக்கு முந்தைய அளவில் மூன்றாண்டு வரிக்கு மேற்பட்ட தொகை, கடன்காரர் வழியாக அந்த இளவரசர்களிடமே திரும்பியது.

கைவினைஞர் நிலையும் இந்தப் பதிவேட்டோடு கட்டுண்டது. நகரம் பிடிபட்டால் நெசவாளர், கொல்லர், தச்சரைத் தனியே பிரித்து உயிரோடு அனுப்புவது வழக்கம். மேற்கிலிருந்து 300க்கும் மேற்பட்ட பொற்சரிகை நெசவுக் குடும்பங்களும், பியென்ஜிங் நகரின் கம்பளி நெசவாளர் 300 குடும்பங்களும் ஹொங்சோவ் என்ற ஊரில் ஒன்றாகக் குடியமர்த்தப்பட்டனர். அதன்பின் ‘கைவினைக் குடும்பம்’ என்று பதிவானவர், மகனும் பேரனும் அதே தொழில். விலகும் உரிமை இல்லை. ஈரானின் பொற்சரிகை நுட்பம் சீனத் தறிக்கு வந்தது இப்படித்தான். நுட்பப் பரிமாற்றம் என்று ஒரே சொல்லில் எழுதும்போது, அதைச் சுமந்தவர்கள் விரும்பி வரவில்லை என்பதும் எழுதப்பட வேண்டும்.

தென் சீனம் வேறு கதை. தலைநகர் ஹாங்சோவ் 1276இல் கொள்ளையின்றிப் பணிந்தது. சோங் காலத்து நிலவரி முறையையும் பெருநிலக்காரர்களையும் குப்ளாய் கான் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார். வரி வாங்கிய கை பழைய கையாகவே இருந்ததால், வயலும் சந்தையும் தொடர்ந்தன. விளைந்த தானியம் வடக்கே போயிற்று. கடல்வழியாக 1283இல் அனுப்பியது 46,000 ஷி. 1329இல் 35 லட்சம் ஷிக்கும் மேல். அடிபட்டது படித்த வகுப்பு. மங்கோலியர், மேற்கத்தியர், வடவர், தெற்கத்தியர் என்ற நான்கு தட்டில் தெற்கத்தியர் கடைசி. அதிகாரித் தேர்வு 1315இல்தான் மீண்டும் நடந்தது. தேறக்கூடிய 100 இடங்களையும் தட்டுக்கு 25 என்று பிரித்தார்கள். மக்கள்தொகையில் மிகப் பெரிய தட்டுக்கும் 25தான். படித்தவர் பலர் மருத்துவத்துக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் போயினர்.

அந்தத் தென் சீனத்தில்தான் நமக்கு நேரே தொடர்புள்ள கல் ஒன்று கிடைத்தது. சுவான்சோவ் துறைமுகத்தில், சகம் 1203 சித்திரையில், அதாவது 1281 ஏப்ரலில் வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டு அது. கடைசி வரி சீனம். சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் உடல்நலத்துக்காக, கானின் பர்மான்படி சிவன் கோயில் எழுப்பியதை அது சொல்கிறது. பர்மான் என்ற பாரசீகச் சொல், தமிழ் எழுத்தில், சீனக் கரையில். சோங் அரசின் கடைசிப் படை அழிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. தமிழ் வணிகருக்கு அந்த ஆட்சி என்ன தந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டாம். அதே ஆண்டில் ஜப்பான் மீது போகும் கப்பல்களுக்காக அந்தத் தென் சீன மக்களிடம் மரமும் ஆளும் பிடுங்கப்பட்டன என்பதையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கொரியாவைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1231 முதல் 1259 வரை போர். அரசவை 1232இல் கங்ஹ்வா தீவுக்குப் போய்விட, உள்நாடு தாக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1254 ஒரே ஆண்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டதாகக் கொரிய வரலாற்றேடு கூறுகிறது. பணிந்தபின் கோர்யோ அரசர் அரியணையில் நீடித்தார். பட்டத்து இளவரசர், குப்ளாயின் மகளை மணந்தார். நாட்டின் பெயரும் சட்டமும் தங்கின. ஆனால் 1274இல் ஜப்பான் படையெடுப்புக்கு 900 கப்பல்கள் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. மரம் வெட்டியவரிடம் ஆணை கொண்டுவந்தது அவர்களுடைய சொந்த அரசரின் அதிகாரி.

ரஷ்ய நிலத்தில் 1237 டிசம்பரில் ரியாசான், 1240 டிசம்பரில் கீவ் வீழ்ந்தன. 1246இல் அவ்வழியே போன பாதிரியார் கார்பினி, கீவில் 200 வீடுகள்கூட இல்லை என்று எழுதினார். எரிந்த நகரங்களில் எனாமல் பதித்த பொன்வேலை போன்ற நுண்தொழில்கள் கற்றுக்கொடுப்பாரின்றி மறைந்தன. கல் கட்டடங்கள் பல பத்தாண்டுகளுக்கு எழவில்லை. படை எட்டாத நொவ்கொரொத்தில் மட்டும் மக்கள் பூர்ச்ச மரப்பட்டையில் கடிதம் எழுதுவது நிற்கவேயில்லை. ஆனால் வயல் மழையை நம்பியது. காடு ஒளிய இடம் தந்தது. மெர்வைப் போல ஒரு சமவெளி முழுதும் சாகவில்லை. மங்கோலியருக்கு மேய்ச்சல் வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடைத்தது, காட்டு நாட்டில் குடியேற அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

அதனால் ரஷ்யாவில் கேள்வி முழுக்க முழுக்க வரிதான். முதலில் கணக்கெடுப்பாளர் வந்தனர். நொவ்கொரொத் 1257இல் எதிர்த்தது. 1259இல் இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கியே கூட நின்று எண்ண வைத்தார். பெரியவர்கள் தங்களுக்கு இலகுவாகவும் சிறியவர்களுக்குப் பாரமாகவும் பங்கிட்டார்கள் என்று அவ்வூர்க் காலக்குறிப்பே சொல்கிறது. பிறகு வரி, முஸ்லிம் வணிகர்களுக்குக் குத்தகையாகப் போனது. 1262இல் ரோஸ்தோவ், விளாதிமிர், சூஸ்தல், யாரோஸ்லாவ்ல் மக்கள் அவர்களை விரட்டினர். 14ஆம் நூற்றாண்டில் இளவரசர்களே வசூலித்து, வோல்கா கரை மங்கோலியத் தலைநகரான சராய்க்கு அனுப்பும் முறை வந்தது. 1327இல் த்வேர் கிளர்ந்தபோது அதை அடக்கப் போன மாஸ்கோ இளவரசர் இவான் கலிதாவின் கைக்கு அந்த வசூல் வந்து சேர்ந்தது. கை வழியே போகும் பணத்தில் கொஞ்சம் ஒட்டும். ‘கலிதா’ என்றால் பணப்பை. மாஸ்கோ வளர்ந்ததற்குக் காரணங்கள் பல, இந்தப் பை அவற்றில் சிறியதல்ல. தேவாலயத்துக்கு 1267 ஆணைப்படி வரியே கிடையாது, அதன் நிலம் பெருகியது. தமிழக வருவாய்த் துறையில் ஜமாபந்தியும் தாசில்தாரும் பாரசீகத்திலிருந்து வந்து தங்கியதுபோல, ரஷ்ய மொழியில் சுங்கச்சாவடிக்கான ‘தமோஷ்னியா’ என்ற சொல், ‘தம்கா’ என்ற மங்கோலிய முத்திரை வரியிலிருந்து வந்து இன்றும் புழங்குகிறது.

மீண்டும் ஈரானுக்கு வருகிறோம். மங்கோலிய ஆட்சி தன் தவற்றைத் தானே திருத்த முயன்றது அங்கேதான். அங்கே பழைய நிலவரி நீங்கவில்லை. அதன்மேல் குப்சூர் என்ற மங்கோலியத் தலைவரி ஏறியது. இதைவிடக் கேடு ‘பராத்’ என்ற பணச்சீட்டு. கருவூலத்தில் பணம் இல்லாதபோது, கடன்காரருக்கோ படைத்தலைவருக்கோ அரசவை ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும்: இன்ன மாவட்டத்து வரியில் இவ்வளவு பெற்றுக்கொள்க. ஒரே மாவட்டத்தின் ஒரே வரிமேல் பல சீட்டுகள் போகும். சீட்டோடு வருபவர் குதிரைகளும் ஆட்களுமாக வந்து, பணம் கிடைக்கும்வரை ஊர்ச்செலவில் தங்குவார். ஆளுநர் அதற்கு முன்பே வாங்கித் தின்றிருப்பார். குப்சூர் ஒரே ஆண்டில் பத்துத் தடவைக்கும் மேல் வசூலான ஊர்கள் உண்டு. குடியானவர் காவற்காரனை நிறுத்திவைத்து, குதிரைப் புழுதி தெரிந்ததும் கிராமத்தோடு ஓடுவர்.

1295இல் அரியணை ஏறிய கசான் கான் செய்ததைப் படிப்படியாகச் சொல்வது பயனுள்ளது. எல்லா மாவட்டங்களுக்கும் எழுத்தரை அனுப்பி, கிராமம் கிராமமாக வரியைப் பதிவு செய்தார். ஆளுநர்கள் தாமாகச் சீட்டு எழுதுவதைத் தடை செய்தார். வரியை ஆண்டில் குறித்த தவணைகளில் மட்டும் வாங்கச் சொன்னார். ஒவ்வொரு ஊரும் கட்ட வேண்டிய தொகையைப் பலகையிலோ கல்லிலோ உலோகத்திலோ பொறித்து ஊர்ப் பொதுவிடத்தில் வைக்கச் செய்தார். கோயில் சுவரில் வரி அளவை வெட்டிய சோழ நாட்டு வழக்கம் தெரிந்த நமக்கு இதன் பயன் புரியும். படித்துக் காட்டி மறுக்க முடியும். தரிசு நிலத்தைத் திருத்துபவருக்கு முதல் ஆண்டு வரி இல்லை, பிறகு சிறிது சிறிதாக ஏறும். ஆணை கொண்டுபோகும் தூதருக்கு 3 பர்சாங்குக்கு (பாரசீகத் தூர அளவு) ஒரு நிலையம், நிலையத்துக்கு 15 குதிரை என்று ஒதுக்கி, வழிப்போக்கரின் குதிரையைப் பறிப்பதை நிறுத்தினார். கசானுக்கு முன் ஆண்டுக்கு 1,700 தூமானாக (ஒரு தூமான் 10,000 தினார்) இருந்த வருமானம் பின்பு 2,100 ஆயிற்று என்று கணக்கதிகாரி ஹம்துல்லா முஸ்தவ்ஃபி குறித்திருக்கிறார். மங்கோலியருக்கு முன் ஆண்ட செல்ஜூக் துருக்கியரின் காலத்தோடு ஒப்பிட்டால் இதுவும் மிகக் குறைவு என்று அவரே எழுதுகிறார். இந்த விவரங்களில் பெரும்பகுதியைத் தந்தவர் கசானின் அமைச்சர் ரஷீதுத்தீன். தன் சீர்திருத்தம் பொலிவாகத் தெரிய, முந்தைய இருட்டை அவர் கூட்டியிருக்கலாம் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

கசானுக்குச் சற்று முன், 1294இல், தப்ரீஸ் நகரில் சீனத்தைப் பார்த்துக் காகிதப் பணம் அச்சிட்டனர். வாங்க மறுத்தால் மரண தண்டனை. கடைகள் மூடின, சந்தை காலியானது, இரண்டு மாத அளவில் திட்டம் கைவிடப்பட்டது. ஈரானியர் பழமைவாதிகள் என்று இதற்குக் காரணம் சொல்வது நியாயமில்லை. சீனத்தில் காகிதப் பணத்துக்கு மங்கோலியருக்கு முன்பே 200 ஆண்டுப் பழக்கம் இருந்தது. குப்ளாய் 1260இல் வெளியிட்டபோது மாகாணந்தோறும் வெள்ளி இருப்பு வைத்தார், வரியாகவும் அதையே வாங்கினார். அந்த ஆண்டு அச்சிட்டது 73,352 திங் மட்டுமே. தப்ரீஸில் கருவூலம் காலியானதால்தான் காகிதமே அச்சானது. இருப்பு இல்லாத காகிதத்தை யார் வாங்குவார்? சீனத்திலும் தென் சீனப் போருக்காக 1276இல் 14 லட்சம் திங்குக்கும் மேல் அச்சிட்டபின் மதிப்பு சரிந்து, 1287இல் ஒரு புதுத் தாளுக்கு ஐந்து பழைய தாள் கொடுக்க வேண்டிவந்தது. அதே பொருள், இரண்டு நாடு, இரண்டு விளைவு. காரணம் இருப்பும் பழக்கமும்.

மங்கோலியர் கால்வைக்காத பாண்டிய நாட்டையும் இந்த வரிக் குத்தகை தொட்டது. ஃபார்ஸின் வரியைக் குத்தகை எடுத்த கீஷ் தீவின் வணிகர் ஜமாலுத்தீனே பாண்டியருக்குக் குதிரை அனுப்பிய பெருவணிகர். அவருடைய சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான், காயல் துறையைக் கையில் வைத்திருந்த பாண்டிய அமைச்சர். ஆண்டுக்கு 10,000 குதிரைகள், குதிரைக்கு 220 தினார், மொத்தம் 22 லட்சம் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்குச் சொல்கிறார். எண்ணைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், வணிகம் பெரிது என்பதில் ஐயமில்லை. வந்த குதிரைகள் நிலைக்கவில்லை. 2,000 வாங்கினால் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது என்று மார்கோ போலோ எழுதினார். வேகவைத்த அரிசியும் இறைச்சியும் தீவனம், குதிரை மருத்துவர் இல்லை, வெப்பம் வேறு. ஆண்டுதோறும் மீண்டும் வாங்க வேண்டியிருந்தது. ஷிராஸ் குடியானவர் கட்டிய வரியும் காயல் கரையில் இறங்கிய குதிரையும் ஒரே குடும்பத்தின் பேரேட்டில் இருந்தன.

எனவே, இதே பொருளில் தங்கள் இதழ் மீண்டும் எழுதும்போது இரண்டு திருத்தங்கள் வேண்டுகிறோம். வரைபடத்தில் குறைந்தது நான்கு வண்ணங்கள் இருக்கட்டும்: மங்கோலியர் நேரே குடியேறி ஆண்ட நிலம், குத்தகைக்கு விட்ட நிலம், உள்ளூர் அரசர் வழியே வரி வாங்கிய நிலம், படையெடுத்துவிட்டுத் திரும்பிய நிலம். ஒரே ஊர் காலத்தால் ஒரு வண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் அதையும் கோடிட்டுக் காட்டலாம். அடுத்து, ஒவ்வொரு நகரின் பெயருக்கும் கீழே வீழ்ந்த ஆண்டோடு, முதல் கணக்கெடுப்பு நடந்த ஆண்டையும் போடுங்கள். பள்ளி மாணவர்களுக்காக எழுதினால் 1281 சுவான்சோவ் கல்வெட்டின் படம் ஒன்றையும் சேருங்கள். தமிழ் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதில் சில எழுத்துகளையாவது தானே கூட்டிப் படித்துவிடும்.

இப்படிக்கு,
ஆசிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை